மலைத்தோட்டத்துக்கு ஒரு நாட்காட்டி சர்வர்

ஒரு நிறுவனத்தில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே இருக்க வேண்டும் என்ற விவரத்தை ஓரிடத்தில் வைத்து, கேட்கும் எல்லோருக்கும் ஒரே பதிலைத் தருவது நாட்காட்டி சர்வர். கைப்பேசியில் தெரியும் நாட்காட்டி அந்த விவரத்தின் ஒரு நகல்தான். மூலம் சர்வரில் இருக்கிறது. கூட்ட அழைப்பு அனுப்புவது, வருகிறேன் அல்லது வர இயலாது என்ற பதில்களைச் சேர்ப்பது, ஒரே அறைக்கு இரண்டு பேர் போட்டியிட்டால் ஒருவரைத் தடுப்பது, நேரம் மாறினால் அனைவரின் கைப்பேசியிலும் மாற்றுவது எல்லாம் அதன் வேலை. மென்பொருளை நிறுவ ஒரு பிற்பகல் போதும். அதில் இருக்கும் தேதிகள் சரியாக இருக்கின்றனவா, அவற்றை யார் மாற்றலாம் என்று பார்த்துக்கொள்வதோ ஆண்டு முழுவதும் நீளும் பணி. தேதி தவறினால் கூலி தவறும் இடங்களில் அந்தப் பணியின் கனம் தெரியும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் அப்படிப்பட்ட இடம்.

அங்கே தேயிலை வேரூன்றியது 1929இல். ஜே.ஏ. ரஸ்ஸல், தேயிலைத் தோட்ட அனுபவம் மிக்க ஏ.பி. மில்னேயுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. தோட்டம் தோன்றிய நாளிலிருந்தே நேர ஒழுங்கும் அங்கே இருந்தது. அது கணினியில் இல்லை, பெரட்டில் இருந்தது. விடிவதற்கு முன் ஆட்கள் கூடுவார்கள், பெயர் கூப்பிடப்படும், இன்னார் இன்ன பகுதியில் கொழுந்து பறிக்க, இன்னார் களை எடுக்க என்று வேலை பிரியும். தோட்ட எழுத்தரான கிராணி அதைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவார். மாதக் கடைசியில் கூலி போடுவது அந்தப் பதிவை வைத்துத்தான். இன்று அந்த ஏட்டின் இடத்தில் கணினி வந்தாலும், அது செய்ய வேண்டிய காரியம் மாறவில்லை.

தேயிலை வேலையில் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். கேமரன் மலையில் ஒரு பகுதியில் கொழுந்து எடுத்தால், அது மீண்டும் துளிர்த்துப் பறிப்புக்கு வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். செங்குத்தான சரிவுகளில் கையாலும், மற்ற இடங்களில் கத்தரியாலும் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரத்தாலும் பறிப்பு நடக்கிறது. பறித்த இலை காத்திருக்காது. அன்றே தொழிற்சாலைக்குப் போய், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட வேண்டும். பிறகு உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல். ஆக, இன்று பிற்பகல் எத்தனை லாரி இலை இறங்குகிறது என்பதே நாளை விடியலில் தொழிற்சாலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மருந்து தெளித்த பகுதியில் குறிப்பிட்ட நாட்கள் கடக்காமல் பறிக்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்ய வேண்டும். இவற்றோடு வெளிநாட்டுத் தொழிலாளர்களின் தற்காலிக வேலை அனுமதியைப் புதுப்பிக்கும் கெடு, மருத்துவப் பரிசோதனை, கொதிகலன் சோதனை, சுற்றுலாப் பயணிகள் வரும் தேநீர்க் கூடத்தின் ஷிப்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு சுவர் நாட்காட்டி போதாது.

இவற்றில் எது சர்வருக்குள் போக வேண்டும் என்பது முதல் முடிவு. பறிப்புச் சுற்றை இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை என்று எழுதிவிட்டால் மென்பொருள் மறுக்காமல் ஆண்டுக்குப் பதினேழு முறை அதே கிழமையில் போட்டுக்கொடுக்கும். ஆனால் கொழுந்து அந்தக் கணக்குக்கு வளர்வதில்லை. மழையும் குளிரும் அதைத் தள்ளிப்போடும். தீபாவளி விடுமுறைக்குப் பின் தோட்டத்தில் இலை முற்றி நிற்கும். ஆகவே பறிப்பை நிரந்தரத் தொடராக எழுதாமல், அடுத்த சுற்றை மட்டும் உத்தேசமாகக் குறித்து, பகுதியைப் பார்த்து வந்த பிறகு உறுதி செய்வதே சரி. அனுமதி முடியும் நாள், சட்டம் சொல்லும் விடுமுறை, இயந்திரச் சோதனைக் கெடு போன்றவை மழைக்கும் குளிருக்கும் நகராதவை. இந்த இரண்டு வகையையும் ஒரே நாட்காட்டியில் கலந்துவிட்டால், உத்தேசத் தேதிகளை நம்பாமல் பழகிய கண் உறுதியான தேதிகளையும் நம்பாமல் போகும்.

நாட்காட்டி மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு பொது எழுத்து முறை உண்டு. ஐகேலண்டர் எனப்படும் அந்த முறை 1998இல் வெளியாகி, 2009இல் ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணமாகத் திருத்தி எழுதப்பட்டது. கைப்பேசி சர்வரிடம் நிகழ்வுகளைக் கேட்டு வாங்கும் முறைக்குப் பெயர் கால்டாவ். அது 2007ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சோகோ, நெக்ஸ்ட்கிளவுட், ராடிகாலே போன்ற திறந்த மென்பொருள்களும், சென்னையிலிருந்து வரும் ஜோஹோவின் நாட்காட்டியும் கால்டாவ் புரிந்தவையே. இதனால் ஒரு மேலாளர் ஐபோனிலும், கிராணி மேசைக் கணினியிலும், ஓட்டுநர் மலிவான ஆண்ட்ராய்டிலும் அதே நிகழ்வைப் பார்க்க முடிகிறது.

ஒரு நிகழ்வைத் திறந்து பார்த்தால் உள்ளே சில வரிகள்தான் இருக்கும். தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த நேர மண்டலம், தலைப்பு, கூட்டியவர் யார், வருபவர்கள் யார். இவற்றோடு யுஐடி என்ற நீண்ட அடையாள எண்ணும், சீக்வென்ஸ் என்ற திருத்த எண்ணும் இருக்கும். கூட்டம் எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்கு மாறினால் யுஐடி அப்படியே இருக்கும். திருத்த எண் மட்டும் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகும். பெறுபவரின் கைப்பேசி அதே யுஐடியைக் கண்டு பழைய பதிவின்மேல் புதியதை எழுதும். யாராவது பழைய நிகழ்வை நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் யுஐடி மாறிவிடும். அப்போது எட்டு மணிக்கும் ஒரு கூட்டம், ஒன்பது மணிக்கும் ஒரு கூட்டம் என்று இரண்டும் நிற்கும். ஒரு கூட்டம் இரண்டாகத் தெரிகிறது என்ற புகார் வந்தால் நிர்வாகி முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அடுத்தது நேர மண்டலம். மலேசியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லை என்பதால் இதை அலட்சியமாக விடுவது வழக்கம். ஆனால் தீபகற்பத்தின் கடிகாரமும் மாறியிருக்கிறது. 1941 முதல், ஜப்பானிய ஆட்சிக் காலம் நீங்கலாக, கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னே இருந்த மலாயா நேரம், 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு அரை மணி முன்தள்ளப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைந்தது. கேமரன் மலையின் தீர்க்கரேகைக்கு இந்த எட்டு மணி நேர வித்தியாசம் மிகவும் முன்னதாக இருக்கிறது; சூரியன் அங்கே உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் ஒன்றேகால் மணிக்கு. வெளிச்சத்தை நம்பி நடக்கும் தோட்ட வேலைக்கு அந்த அரை மணி சாதாரணமானதல்ல: விடியல் மாறவில்லை, கடிகாரத்தில் அதன் மணி மட்டும் மாறியது.

உலகின் இத்தகைய மாற்றங்களை எல்லாம் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்திருப்பது நேர மண்டலத் தரவுத்தளம். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய அதை இன்று பால் எகெர்ட் ஒருங்கிணைக்கிறார். அதில் தீபகற்ப மலேசியாவுக்கு ‘ஆசியா/கோலாலம்பூர்’ என்ற பெயர் உண்டு. சர்வரிலும் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எட்டு மணி வித்தியாசம் உள்ள வேறு ஊரைப் போட்டாலும் இன்றைக்கு நேரம் சரியாகவே காட்டும், ஆபத்தும் அங்கேதான். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரமும் அதே எட்டு மணி வித்தியாசம்தான். ஆனால் மேற்கு ஆஸ்திரேலியா 2006 டிசம்பரில் கோடைக்கால நேரத்தைச் சோதனைக்குக் கொண்டுவந்து, 2009 வரை நடத்தி, பொதுவாக்கெடுப்பில் கைவிட்டது. அந்த ஆண்டுகளில் பெர்த் நேரத்தில் பதிந்திருந்த ஒரு மலேசியக் கூட்டம், பெர்த்தின் கோடை மாதங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகக் காட்டியிருக்கும்.

வெளிநாட்டாரோடு நடக்கும் தொடர் கூட்டத்தில், அது எந்த ஊர் நேரத்தில் பதியப்பட்டது என்பதை எழுதியே வைக்க வேண்டும். மலேசிய நேரம் மாலை நான்கு என்று பதிந்த கூட்டம் லண்டனில் குளிர்காலத்தில் காலை எட்டு, கோடையில் காலை ஒன்பது. லண்டன்காரர் தமது நேரத்தில் பதிந்தால், ஆண்டுக்கு இருமுறை நகர வேண்டியவர்கள் மலேசியர்கள்.

இனி விடுமுறை. தோட்ட நாட்காட்டியில் மிகுந்த கவனம் கேட்பது இதுவே. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்குப் பதினொரு சம்பள விடுமுறைகள் உண்டு. தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மீதி ஆறையும், அரசிதழில் வந்த விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுத்து, ஆண்டு பிறப்பதற்கு முன்பே வேலையிடத்தில் கண்ணில் படும்படி அறிவிப்பாக ஒட்ட வேண்டும். விடுமுறை நாளில் வேலை வாங்கினால், அந்த நாளின் விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி தர வேண்டும். ஆகவே சர்வரில் ஒரு நாள் விடுமுறை என்று இருக்கிறதா இல்லையா என்பது நேராகக் கூலிப் பட்டியலில் போய் நிற்கிறது.

இந்தப் பட்டியலை இணையத்திலிருந்து ‘மலேசிய விடுமுறைகள்’ என்று இறக்கி ஒட்டிவிடுவதே எளிய வழி. அதுவே பெரிய தவறும். ஆட்சியாளர் பிறந்தநாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு; தொழிலாளி முழுமையாகவோ பெரும்பாலுமோ எந்த மாநிலத்தில் வேலை செய்கிறார் என்பதையே சட்டம் பார்க்கிறது. போ நிறுவனத்தின் தோட்டங்களில் போ, சுங்கை பாலாஸ், ஃபேர்லி மூன்றும் கேமரன் மலையில் இருக்கின்றன. புக்கிட் சீடிங் சிலாங்கூரின் தாழ்நிலத்தில் இருக்கிறது. இப்படி இரு மாநிலங்களில் கால் பதித்த எந்த நிறுவனத்துக்கும், சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாளான டிசம்பர் 11 ஓரிடத்தில் விடுமுறை, மற்றோரிடத்தில் வேலைநாள். தைப்பூசம் சிலாங்கூரிலும், மலையடிவாரத்துத் தாப்பா இருக்கும் பேராக்கிலும் பொது விடுமுறை. பகாங்கின் பட்டியலில் இல்லை. கேமரன் மலைத் தமிழர் காவடி பார்க்கப் போக வேண்டுமென்றால், நிறுவனம் வேறொரு விடுமுறைக்கு ஈடாக அந்த நாளை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது தமது சொந்த விடுப்பில் போக வேண்டும். ஈடு செய்ததென்றால் அதுவும் நாட்காட்டியில் ஏற வேண்டும். வாய்ச்சொல்லாக நின்றால் மாதக் கடைசியில் வழக்காகும்.

மாநிலத்துக்குள்ளேயே தேதிகள் மாறிய கதைக்குப் பகாங்கே நல்ல சான்று. சுல்தான் அகமது ஷா ஆட்சியில் பிறந்தநாள் விடுமுறை அக்டோபர் 24. 2019 ஜனவரியில் சுல்தான் அப்துல்லா அரியணை ஏறினார். அந்த ஆண்டிலிருந்து விடுமுறை ஜூலை 30. அதே ஆண்டு மே 22 அன்று சுல்தான் அகமது ஷா காலமானார். மறைந்த சுல்தானை நினைவுகூரும் ஹோல் விடுமுறை முன்பு மே 7இல் இருந்தது; அடுத்த ஆண்டிலிருந்து மே 22க்கு மாறியது. சர்வரில் ‘ஆண்டுதோறும் அக்டோபர் 24’ என்ற தொடர் நிகழ்வை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும்? தேதியை மட்டும் திருத்தினால் பழைய ஆண்டுகளும் சேர்ந்து திருந்தி, 2015இல் ஜூலை 30 விடுமுறை என்று சர்வர் சொல்லும். பழைய கூலிக் கணக்கைச் சரிபார்க்க வரும் அதிகாரிக்கு அது பொய்ச் சாட்சி. பழைய தொடரை 2018 அக்டோபரோடு முடித்து, புதிய தொடரை 2019 ஜூலையில் தொடங்குவதே முறை. நடந்த நாளை நடந்தபடியே விட்டுவைப்பது நாட்காட்டி நிர்வாகத்தின் அடிப்படை நேர்மை.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலும் உண்டு. பொது விடுமுறை ஒருவரின் ஓய்வுநாளில் விழுந்தால், அதற்கு அடுத்த வேலைநாள் அவருக்கு விடுமுறை. 2025 ஆகஸ்ட் 31, தேசிய தினம், ஞாயிறு. ஞாயிறு ஓய்வெடுக்கும் கொழுந்து பறிப்பவருக்குச் செப்டம்பர் 1 திங்கள் விடுமுறையாகிறது. தொழிற்சாலையில் ஷிப்டில் புதன்கிழமை ஓய்வு பெறுபவருக்கோ ஞாயிறே விடுமுறை, திங்கள் வேலைநாள். ஆகவே எல்லோருக்கும் ஒரே விடுமுறை நாட்காட்டி என்பது தோட்டத்தில் செல்லாது; ஓய்வுநாள் வாரியாகக் குழுக்களைப் பிரித்து, குழுவுக்கு ஒரு நாட்காட்டி வைக்க வேண்டியிருக்கிறது. வாரவிடுமுறையும் எங்கும் சனி, ஞாயிறு அல்ல. கேமரன் மலையின் கம்போங் ராஜாவைத் தாண்டிக் கிழக்கே போனால் வரும் கிளந்தானில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. ஜொகூர் 2014இல் வெள்ளி, சனிக்கு மாறி, 2025 ஜனவரியில் பழையபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. கிளந்தான் அலுவலகங்களில் காரியம் உள்ளவர் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டால் சர்வர் எச்சரிக்குமாறு அமைக்கலாம்.

சில நாட்கள் திடீரென்று வரும். 2022 நவம்பர் 24, வியாழன், அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். நவம்பர் 28, திங்கள், பொது விடுமுறை என்று அறிவித்தார். இடையில் இருந்தது ஒரே வெள்ளியும் வாரக்கடைசியும். நோன்புப் பெருநாளோ பிறை பார்த்த பிறகே உறுதியாகும். அதுவரை ‘உத்தேசம்’ என்ற நிலையில் வைக்க ஐகேலண்டரில் இடமிருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் விடுமுறை நாட்காட்டியில் எழுத உரிமை உள்ளவர் யார் என்பது முன்பே தீர்ந்திருக்க வேண்டும். நிர்வாகி தாமாக விடுமுறை விடக்கூடாது. மேலாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ள, ஒருவர் மட்டும் பதிய, மற்றவர்கள் படிக்க மட்டும் உரிமை பெறுவது நல்ல வழக்கம். அந்த ஒருவர் விடுப்பில் போனால் அவருக்குப் பதில் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கூட்ட அறையையும் லாரியையும் நாட்காட்டியில் ஆட்களைப் போலவே ‘அழைக்க’லாம். அவற்றுக்கென்று ஒரு கணக்கு. காலியாக இருந்தால் சர்வரே ஒப்புக்கொள்ளும், வேறு வேலை இருந்தால் மறுக்கும். தேயிலைத் தோட்டத்துக்கு இதில் பெரும் பயன் ஒன்று உண்டு: தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அப்படி ஒரு கணக்கு திறக்கலாம். ஒரு பகுதியில் மருந்து தெளிக்கப் பதிந்ததும், பறிக்கக்கூடாத நாட்கள் முழுவதையும் சேர்த்துப் பதிந்துவிட்டால், அந்த நாட்களில் பறிப்புக் குழுவை அங்கே அனுப்ப முயலும் எவருக்கும் சர்வர் மறுப்புச் சொல்லும். ஒரு மேற்பார்வையாளரின் ஞாபகத்தை மட்டும் நம்பியிருந்த பாதுகாப்பு இதனால் எல்லோர் கண்ணுக்கும் வருகிறது. ஆனால் மறுப்பை மீறிப் பதியும் உரிமையை வசதிக்காகப் பலருக்கும் கொடுத்துவிட்டால் இந்தப் பயன் இல்லாமல் போய்விடும்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதும் அதே அளவு முக்கியம். பெரும்பாலான சர்வர்களில் மூன்று நிலைகள் உண்டு: ‘அந்த நேரத்தில் ஓய்வில்லை’ என்று மட்டும் காட்டுவது, விவரத்தையும் காட்டுவது, மாற்றவும் அனுமதிப்பது. புதிய கணக்குக்கு முதல் நிலையே போதும். ஒரு தொழிலாளியின் மருத்துவப் பரிசோதனை, வேலை அனுமதி எண், ஒழுங்கு விசாரணை போன்றவற்றைத் தலைப்பிலேயே எழுதும் வழக்கம் அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. அதை நிறுத்தியாக வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விவரங்களுக்கும் பொருந்தும். 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்கும் கடமையும் வந்திருக்கிறது. கடவுச்சொல் கேட்காத பகிர்வு இணைப்புகள் இன்னொரு ஓட்டை. ஒருமுறை வாட்ஸ்அப்பில் போன இணைப்பு யாரிடமெல்லாம் இருக்கிறது என்று சொல்ல முடியாது; ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை ரத்து செய்து புதிதாக வழங்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவரின் நிகழ்வுகள் தனித் தொல்லை. கூட்டத்தை நேரம் மாற்றவும் ரத்து செய்யவும் கூட்டியவருக்கே உரிமை. அவர் கணக்கை அழித்துவிட்டால், அவர் தொடங்கிய வாராந்தரக் கூட்டம் மற்றவர்களின் கைப்பேசியில் நிறுத்த ஆளில்லாமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே கணக்கை மூடுவதற்கு முன் அவர் நடத்தும் தொடர்களை முடித்து, புதியவர் பெயரில் மறுபடி தொடங்க வேண்டும். அதைவிட நல்லது, வேலை அனுமதிக் கெடுக்களைப் போன்ற முக்கியத் தொடர்களை ஆரம்பத்திலேயே தனிமனிதர் பெயரில் வைக்காமல் ‘தோட்ட அலுவலகம்’ என்ற பொதுக் கணக்கில் வைப்பது.

சர்வரைத் தோட்டத்திலேயே வைப்பதா, வெளி நிறுவனத்திடம் வாடகைக்கு எடுப்பதா என்பதற்கு மலையின் நிலைமையே பாதிப் பதில். ஆண்டுக் கடைசியின் மழைக்காலத்தில் மண்சரிவும் மின்தடையும் அங்கே புதிதல்ல. உள்ளே வைத்தால் இணையம் அறுந்தாலும் அலுவலகத்துக்குள் வேலை நடக்கும். ஆனால் பேட்டரிக் காப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள், காப்புநகல் எல்லாம் தோட்டத்தின் பொறுப்பு. வெளியே வைத்தால் அந்தச் சுமை இல்லை. இணைப்புப் போனால், கைப்பேசி கடைசியாக இறக்கி வைத்த நகலே கதி. எந்த வழியானாலும் காப்புநகல் தினமும் எடுக்கப்பட வேண்டும், ஒரு பிரதி மலைக்குக் கீழே இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு நாட்காட்டியை மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகை அவ்வப்போது நடக்க வேண்டும். தொழிலாளி ஒருவர் கவனக்குறைவாக ஒரு மாத ஷிப்டை அழித்துவிட்டார் என்றால் முழு சர்வரையும் பின்னுக்குத் தள்ள முடியாது. அந்த ஒரு நாட்காட்டியை மட்டும் திரும்பக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுச் சுழற்சி செப்டம்பர் வாக்கில் தொடங்குவது நல்லது. அடுத்த ஆண்டின் கூட்டரசு, மாநில விடுமுறைப் பட்டியல்களைத் தனித்தனியே எடுத்து ஒப்பிட வேண்டும். ஆறு விடுமுறைகளைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசித் தேர்ந்தெடுத்து, ஓய்வுநாள் குழு வாரியாகப் பதிந்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு அதே நாட்காட்டியை அச்சிட்டு, அச்சிட்ட தேதியை ஓரத்தில் குறித்து, பெரட்டு நடக்கும் இடத்தில் தமிழ், மலாய் மொழிகளிலும், அங்கே வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மொழிகளிலும் டிசம்பர் முடிவதற்குள் ஒட்ட வேண்டும். ஆண்டின் நடுவே ஒரு நாள் மாறினால், சர்வரில் மாறிய அன்றே அந்தக் காகிதமும் மாற்றப்படுகிறது. பழைய காகிதம் கிழித்தெறியப்படாமல் கோப்பில் சேர்கிறது.